போணிக்குப் பிறகு வருகிறவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை போணி ஆகி வெகு நேரமாகியும் விஸ்வநாதன் சார் வரவில்லை. மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு வர ஒரு மனிதருக்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சலோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் அவர் மனைவி. "விடியக்காலம் நெஞ்சு வலின்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளே போயிட்டார். நீங்க காத்துண்டிருப்பேளேன்னு சொல்றேன்." துக்கத்தின் நடுவில், பழைய இரும்புக் கடைக்காரன் காத்திருப்பானே என்று நினைத்திருக்கிறார் அந்த அம்மாள். சரிங்கம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.

அவரை இன்சூரன்ஸ் அதிகாரியாக மன்றத்து நண்பர்களான உங்களுக்குத் தெரியும். நம் மன்றத்துக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்குகிறவராகவும் தெரியும். எனக்கு அவர் ஓசி கேட்டு வந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை எல்லாம் போட்டு கர்ஜத் பக்கம் ஒரு மலைச்சரிவில் நிலம் வாங்கியிருந்தார். நிலத்துக்குப் பாதை கிடையாது. பாறையும் சேறும்தான். மாமிக்கு, அதாவது அவர் மனைவிக்கு, முட்டி வலி. அங்கே நடக்க முடியாது. ஆகவே பாதை இல்லாத இடத்தில் ஏறும் வண்டி ஒன்றைத் தானே செய்து, மாமியை அதில் உட்கார வைத்து மேலே கொண்டு போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். கையில் மிச்சப் பணம் இல்லாததால் என் கடைக்கு வந்தார்.

எங்கள் தொழிலில் முதல் வியாபாரம் ஆகாமல் ஒரு ஆணியைக்கூடச் சும்மா கொடுக்க மாட்டோம். இதை முதல் நாளே கறாராகச் சொன்னேன், ஆள் போய்விடுவார் என்று. அவர் கவிழ்த்துப் போட்டிருந்த டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். யாரோ வந்து குழாய் வாங்கிப் பணம் கொடுத்ததும் எனக்கு முன்னால் எழுந்து, "போணி ஆயிடுத்தோல்லியோ?" என்றார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அதே டிரம், அதே கேள்வி. கையில் பிளாஸ்கில் காப்பியும் மாமி கொடுத்தனுப்பிய தட்டையும் இருக்கும். என் வேலையாட்கள் அவரை எதிர்பார்த்தார்களா, தட்டையை எதிர்பார்த்தார்களா என்று நான் விசாரித்ததில்லை.

வண்டி செய்கிறவர் முதலில் எஞ்சினைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது நாற்காலியை. மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து வந்த சிவப்பு மெத்தை நாற்காலிகள் என்னிடம் கிடந்தன. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்து, இரண்டு கைப்பிடியும் உறுதியாக இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "அவ உக்காரப் போற இடம் முதல்ல. மத்ததை எல்லாம் அதுக்குக் கீழே பொருத்திக்கலாம்" என்றார். அப்படித்தான் அந்த வண்டி வளர்ந்தது. ஆண்டாப் ஹில் கராஜ் ஒன்றில் கெஞ்சி ஜீப்பின் அச்சுகளையும், காட்கோபரில் ஒருவரிடம் டெம்போ எஞ்சினையும், கல்குவாரிக்காரர்களிடம் பெரிய டயர்களையும் வாங்கினார். எல்லாம் ஓசி. கேட்பதில் அவருக்கு வெட்கம் என்பதே இல்லை. என் வெல்டர் இசக்கி குழாய்களை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். சாருக்குச் சுத்தியல் பிடிக்கவே வராது. விரலில் அடித்துக்கொள்ளாத வாரம் குறைவு.

முதன்முதலாக எஞ்சின் உறுமிய அன்று, பிரேக் இன்னும் வைக்கவில்லை என்பதை மறந்து கியரைத் தள்ளிவிட்டார். வண்டி பின்னால் போய் என் எண்ணெய் டிரம்களை எல்லாம் உருட்டிவிட்டு நின்றது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் இறங்கி, ரோடே இல்லாமல் வண்டி ஓடிற்று பார்த்தீர்களா என்று பூரித்துப் போனார். ஆனால் அன்று மாலை என்னிடம் தனியாக வந்து, "ஓடறதெல்லாம் ஓசியிலே ஓடலாம். நிக்கறது மட்டும் ஓசியிலே நிக்கப்படாது" என்றார். அதன் பிறகு பழைய பிரேக் எதைக் காட்டினாலும் தொடவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்துப் புது பிரேக் ஒன்று வாங்கினார். பிரிக்காத அந்தப் பெட்டி இன்னும் நாற்காலியின் மேல்தான் இருக்கிறது.

அதை நாமே பொருத்தி, மாமியை மலைக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று இசக்கியிடம் சொன்னேன். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டான். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வண்டில உள்ளது அண்ணாச்சி. இந்த பிரேக்குன்னு இல்ல, எதுவும் அதுல உக்காராது. பள்ளத்துல பிடிக்கலன்னா அந்த அம்மாவுக்கு யாரு பதில் சொல்லுவா?" வேறு மெக்கானிக்குகளையும் அழைத்துக் காட்டினேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

காரியங்கள் முடிந்த பிறகு மாமி டாக்சியில் வந்தார். அதுவரை அந்த வண்டியை அவர் பார்த்ததில்லை. பாறையில் தட்டாமல் இருக்கட்டும் என்று உயரமாகக் கட்டியிருந்தோம். நாற்காலி அவர் மார்பு உயரத்தில் இருந்தது. அதையே சற்று நேரம் பார்த்தவர், "இதிலே நான் எப்படி ஏறுவேன்?" என்று கேட்டார். நானும் இசக்கியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை ஞாயிறுகளில் எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. சாருக்கும் தோன்றவில்லை.

ஆள் வைத்து நாற்காலியோடு தூக்கியாவது மலைக்குக் கொண்டு போகிறேன் என்றேன். மாமி வேண்டாம் என்று தலையாட்டினார். "மலையைப் பாக்கணும்னு எனக்கு ஆசையே கிடையாது. ஞாயித்துக்கிழமை காத்தால விசிலடிச்சுண்டு கிளம்புவார். அதைப் பாக்கத்தான் தட்டை தட்டினேன்" என்றார். வண்டியை உடைத்துப் போட்டுவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸையும் லிஃப்டையும் கண் இமைக்காமல் வெட்டிப் போட்டவன் நான். இதில் கை வைக்க முடியவில்லை. முடிக்கவும் வழியில்லை. கடையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். போணி ஆனதும், வந்த சரக்கில் நல்லதாக ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். போன ஞாயிறு, உடைத்த பஸ் ஒன்றின் இரும்புப் படி வந்தது. உயரம் குறைவு, முட்டி வலிக்காரர்கள்கூட ஏறலாம். அதை டிரம்மின் பக்கத்தில் வைத்தேன்.