சாலம்மாளும் அணைக்கக் கூடாத கம்ப்யூட்டரும்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில் என் உரக்கடை. அதற்கு அடுத்தது ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’. போர்டில் ராஜப்பன் பெயரும் படமும் இருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது அவன் மனைவி சாலம்மாள். ராஜப்பனுக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும், அதுவும் எழுத்து எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால். பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் கேட்டு, அடித்து, கட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுப்பது சாலம்மாள். ராஜப்பன் அதை விரித்து, “குரு பாக்கறாரு” என்பான். பார்க்காவிட்டால் பரிகாரம் சொல்வான்.

இருவரும் பழகியது அரூரில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். சாலம்மாள் லோயர் பாஸ் செய்தார். ராஜப்பன் அவரைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்போது அவனுக்கு ஜோசியம் தெரியாது, பொருத்தமும் பார்க்கவில்லை. பிற்பாடுதான் கற்றுக்கொண்டான். கற்றவன் சும்மா இருந்தானா? முதல் வேலையாக மனைவி ஜாதகத்தைப் போட்டுப் பார்த்தான். மூல நட்சத்திரம். அன்று என் கடைக்கு வந்து உர மூட்டை மேல் உட்கார்ந்தவன், வாங்கிக் கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

“பெண் மூலம் நிர்மூலம்” என்று வேலையத்த எவனோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். ராஜப்பனின் அக்கா பெரியம்மாளுக்கு அது வேதவாக்கு. சாலம்மாள் அந்த வீட்டில் கால் வைத்த வருஷம் கிணறு வற்றியது. அந்த வருஷம் எங்கள் பக்கம் எல்லார் கிணறும்தான் வற்றியது. மற்றவர்கள் கிணறு மழை இல்லாததால் வற்றியது, இவர்கள் கிணறு சாலம்மாளால் வற்றியது. அடுத்து கறவை மாடு செத்தது, சாலம்மாள். பெரியம்மாளின் வீட்டுக்காரர் வார்டு மெம்பர் தேர்தலில் தோற்றார், அதுவும் சாலம்மாள். தெருவில் பாதிப் பேரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சாலம்மாள் இதற்கெல்லாம் பதில் பேசியதில்லை. வீட்டில் அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே யோசிப்பார்கள். கடையில் அவர் வேறு ஆள். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர் பிறந்த நேரம் தெரியாமல் முழித்தால், “மாடு மேய்ச்சலுக்குப் போனதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டு நேரத்தைப் பிடித்துவிடுவார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குச் சிரிப்பு வரும். வேறு எங்கேயும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழடு. ஜாதக சாப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடும். சிடி உடைந்துவிட்டது, விற்ற ஆள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். ராஜப்பன் அதை ஒருநாளும் ஷட் டவுன் செய்யமாட்டான். விளக்கையே அணை என்று சொல்லக் கூடாத ஊரில், சோறு போடும் மெஷினை அணைப்பதா? தவிர, அணைத்தால் மறுநாள் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு நல்ல நேரம் வேண்டும். திங்கள்கிழமை காலையில் கடை திறந்தால் ராகு காலம். அதனால் விஜயதசமி அன்று ஒரு தடவை நேரம் பார்த்து ஆரம்பிப்பான். அதற்குப் பிறகு வருஷம் முழுக்க ஹைபர்னேட்தான். சாயங்காலம் பட்டனை அமுக்கினால் இருந்தது இருந்தபடியே தூங்கிவிடும். காலையில் அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும்.

“எழுப்பறது ஆரம்பிக்கறதில்லியா?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“தூங்கி எந்திரிச்சவன யாராச்சும் புதுசாப் பொறந்தவன்னு சொல்லுவாங்களா?” என்றான். சரிதான் என்று தலையாட்டினேன். யூரியா விற்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் புத்தி மாறியது. ஒருவருக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே யாரும் தொடாமல் தூங்கிப் போகும். எழுப்பினால் கருப்புத் திரை. கடைசியில் ஒருநாள், ஒரு பெண்ணின் பெயரை அடித்துப் பிறந்த தேதிக்கு வருவதற்குள் தூங்கிவிட்டது. அதன்பின் எழவே இல்லை. பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், மூச்சு ரெண்டு விட்டுவிட்டு அப்படியே அணைந்துபோகும்.

ராஜப்பன் எலுமிச்சம்பழம் வைத்தான். கம்ப்யூட்டர் வாங்கிய நாளை வைத்து அதற்கே ஒரு ஜாதகம் கையால் எழுதினான். சனி பார்க்கிறார் என்று வந்தது. சனிக்கு வேறு வேலை இல்லை.

பாலக்கோட்டிலிருந்து மாதேஸ் வந்தான். தக்காளி மண்டி எடைமெஷின் முதல் கல்யாண மண்டப மைக்செட் வரைக்கும் பார்க்கிறவன். கரண்ட் கொடுக்கிற பெட்டி போயிருக்கும் என்று அதை மாற்றினான். ஓடவில்லை. மறுபடி வந்து மெமரியைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து மாட்டினான். இரண்டு நாள் மழை விட்டிருந்தது, ஒரு பொழுது ஓடிவிடும் போலப் போக்குக் காட்டியது. மழை வந்தது, மறுபடி படுத்துக்கொண்டது. மூன்றாவது தடவை மாதேஸ் தலையைச் சொறிந்து, “பார்மெட் அடிச்சாத்தாண்ணா” என்றான். அடித்தால் சாப்ட்வேர் போகும், கடையும் போகும். ராஜப்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அன்றுதான் பெரியம்மாள் கடைக்கு வந்தார்.

“நான் அப்பவே சொல்லலியா? அவ கை பட்டுப்பட்டுத்தான் அது இப்பிடி ஆச்சு. அவள வூட்டுல வெய்யி. ஒரு பையன வெச்சு அடிச்சுக்க.”

ராஜப்பன் மறுத்துப் பேசுவான் என்று நினைத்தேன். அவன் பெண்டாட்டியைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்து, “கொஞ்ச நாளைக்கு வூட்டுல இரேன், சாலா” என்றான். சாலம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, படி இறங்கிப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் பொட்டாஷ் கேட்டார், போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை மாதேஸ் கடைசித் தடவையாக வந்தான். பெரியம்மாளும் வந்திருந்தார். மகளுக்கு இடம் வந்திருக்கிறது, ஜாதகம் உடனே வேண்டுமாம். சாலம்மாள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன்.

மாதேஸ் பட்டனை விட்டுவிட்டு, பெட்டிக்குள்ளே பட்டன் ஒயர் வந்து சேருகிற இரண்டு கம்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டான். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வந்தது. அன்றைக்கு அந்தப் பெண்ணின் பெயரோடு நின்ற ஜாதகம் அப்படியே நின்றது.

“மெஷினு நல்லாத்தான் இருக்குதுண்ணா. பட்டன்தான் அமுங்குனா அமுங்குனபடியே நிக்குது. கைய எடுக்காம அமுக்கிட்டே இருந்தா அணைஞ்சுதான போவும்?” என்றபடி அதை மறுபடி தூங்க வைத்து, ஒயரை உருவி, முன்பக்கத் தகட்டைக் கழற்றித் திருப்பினான்.

பட்டனைச் சுற்றி மஞ்சளாக, கெட்டியாக, நடுநடுவே சிவப்பாக அப்பியிருந்தது. மாதேஸ் முகர்ந்து பார்த்தான்.

“சந்தனமுங்க. குங்குமமும் இருக்குது. ஈரத்துல எளகிப் புடிச்சுக்குது.”

வெள்ளிக்கிழமை தவறாமல், ஆயுத பூஜைக்குக் கூடுதலாக, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது சாலம்மாள். பெட்டியின் நெற்றியில் வட்டமாக இருப்பது அந்தப் பட்டன்தான். வேறு எங்கே வைப்பார்? அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ராஜப்பன் முகம் செத்துவிட்டது.

“பாத்தியா! பாத்தியா! நான் சொன்னனா இல்லியா?” பெரியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாலம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். கடையில் சிரிக்கிற சிரிப்பு.

“ஆமாங்க அண்ணி. இது நாந்தான் பண்ணுனது. கழட்டிப் பாத்தாங்க, எஞ் சந்தனம் இருந்துச்சு, ஒத்துக்கறேன்.” தகட்டை மேஜை மேல் வைத்தார். “கெணறு வத்துனப்ப யாரு எறங்கிப் பாத்தீங்க? மாடு செத்தப்ப டாக்டர யாரு கூட்டியாந்தீங்க? அதுலயும் எஞ் சந்தனம் இருந்துச்சுங்களா?”

பெரியம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி பிரிண்டரைப் பார்த்தான்.

“நீங்களுந்தாங்க,” என்றார் சாலம்மாள் அவனிடம். “கட்டம் போட்டுப் பாத்தீங்க. கழட்டிப் பாக்கல.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உரக்கடைக்காரனுக்குக் கண் எரிவது புதிதல்ல என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

மாதேஸ் சந்தனத்தைச் சுரண்டி, பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, தகட்டை மாட்டி, ஒயரைச் செருகினான். பட்டன் டக்கென்று உள்ளே போய் டக்கென்று வெளியே வந்தது. சாலம்மாள் மேஜைக்கு அடியிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சாலா, ராகு காலம். பன்னண்டு அடிக்கட்டும்,” என்றான் ராஜப்பன், மெதுவாக.

“ஆரம்பிக்கலீங்க. எழுப்பறேன்,” என்று அமுக்கினார்.

எழுந்துகொண்டது. பாதியில் நின்ற ஜாதகத்தைச் சேமித்து ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் திறந்தார். விரல்களை எழுத்துகள் மேல் வைத்துக்கொண்டு பெரியம்மாளை நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லுங்க அண்ணி. பொண்ணு பொறந்த தேதி?”

பெரியம்மாள் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து தேதியைச் சொன்னார்.