கடற்பசு அறுத்த கை

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டால் மாக்கிறட் விடியலிலேயே கரையோரம் நடக்கத் தொடங்கிவிடுவாள். செருப்பைக் கையில் பிடித்தபடி, வங்காலைக் கரையின் ஈரமணலில் இரண்டு மைல் தூரம். ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தால் குனிந்து பார்த்துவிட்டுக் கடந்துபோவாள். அவள் தேடுவது அதைவிடப் பெரிய உடலை. காற்றில் மணம் மாறினால் நின்று முகத்தைத் தூக்குவாள். "மாட்டுச் சாணி நாத்தம் கலந்து வந்தால் ஆவுளியாதான். புல்லுத்தானே தின்னுது, பாவம்" என்பாள்.

ஆவுளியா என்று அவள் சொல்வது கடற்பசுவை. ஆழம் குறைந்த கடலடியில் புல் மேய்ந்து, மூச்செடுக்க மட்டும் மேலே வரும் சாதுவான சீவன். சில வருடங்களுக்கு ஒரு தடவை ஒரேயொரு குட்டி ஈனும். வலையில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மீனுக்கு வெடி போட்டாலோ மேலே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே எல்லாம் சிதைந்திருக்கும். அது மேயும் புல்லையும் கடலடியில் மடி இழுக்கும் றோலர் படகுகள் வழித்துக்கொண்டு போகின்றன.

செத்ததை அறுத்து ஆராய வரும் மிருக வைத்தியர் சுபாஜினி, கத்தியை மாக்கிறட்டிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். தோல் எங்கே பிரியும், ஈரல் எங்கே, கர்ப்பப்பை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் மாக்கிறட். ஐம்பத்திரண்டு வயது. நகக்கண்கள் உப்பில் வெளுத்தவை. கையுறை மட்டும் போடமாட்டாள்.

"உறை போட்டால் எனக்கு ஒண்டும் விளங்காது, டொக்டர் பிள்ளை. வெடியோ வலையோ எண்டு விரல்தான் சொல்லும்."

அந்த விரல்கள் எங்கே பழகின என்பதை அவள் ஒளிப்பதில்லை. மண்டபம் அகதி முகாமில் புருசனைப் புதைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பிய காலத்தில், களவாய்ப் பிடித்த கடற்பசுக்களை பனை வடலிகளுக்குள் வைத்து வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு நாள் வெட்டியதன் வயிற்றுக்குள் முழுதாய் வளர்ந்த குட்டி கிடந்தது. செட்டைக்குக் கீழிருந்த முலையில் விரல் பட்டதும் பால் வடிந்தது.

"கையைக் கழுவினன், கழுவினன், போகேல்லை. அண்டையோடை அந்தத் தொழிலை விட்டிட்டன்."

அந்தக் கிழமையே கோயிலில் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சுவாமி கொடுத்த செபங்களைச் சொல்லி முடித்தும் மனம் ஆறவில்லை. இனி ஆவுளியா செத்து ஒதுங்கினாலும் வலையில் பட்டாலும் தானே தகவல் தருவதாகச் சொல்ல, வனசீவராசிக் கந்தோருக்கு பஸ் ஏறினாள்.

அதனால் அவள் இழந்தது தம்பியை. இரண்டு வருடங்களுக்கு முன் ஜெகதீபனின் வலையில் ஒன்று செத்துக் கிடந்தது. வெட்டித் தரச் சொல்லி அக்காவிடம் வந்தான். அவள் டொக்டருக்குப் போன் எடுத்தாள். பிறகு வழக்கு, தவணை, ஊர்ப்பேச்சு. "கூடப்பிறந்தவனையே காட்டிக் குடுத்தனியே?" என்று கேட்டவன், அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஆட்கள் நுழைந்து போய்வர இருந்த பொட்டை ஓலை வைத்து அடைத்தான். கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாக்கிறட் யாரிடமும் குறை சொன்னதில்லை. அடுப்படியில் நிற்கும்போது மட்டும் கண் அந்த வேலிப்பக்கம் போகும்.

போன பங்குனியில் ஒரு காலை, வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தவளின் போன் அடித்தது. தம்பியின் இலக்கம்.

"அக்கா, வலையில ஒண்டு. உயிரோடை கிடக்கு. குட்டியும் சுத்திச் சுத்தி வருது. எங்கை பிடிக்கிறதெண்டு தெரியேல்லை. வாறியோ?"

"தலையைத் தண்ணிக்கு மேலை தூக்கி வைச்சிரு. வாறன்."

பக்கத்து வீட்டு யாகப்பரின் போட்டில் ஏறிப் போனாள். கழுத்தளவு தண்ணீரில் அந்தப் பெரிய தலையைத் தோளில் தாங்கியபடி ஜெகதீபன் நின்றான். மாக்கிறட் உடுத்த சீலையோடு இறங்கினாள்.

"வால்பக்கம் போகாதை, அடிச்சால் நெஞ்செலும்பு போயிடும். செட்டைக்குக் கீழை கையைக் குடு."

"வலை, அக்கா..."

"வெட்டத்தான் வேணும்."

வழக்கு முடிந்தபிறகு அவன் வாங்கிய புது வலை அது. ஒருதரம் அந்த வலையைப் பார்த்தான். "வெட்டு" என்றான்.

இடது கையை அதன் விலாவில் ஊன்றிக்கொண்டு வெட்டத் தொடங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் தொட்டதெல்லாம் உயிர் போன உடல்கள். இதற்குள் ஏதோ அடித்துக்கொண்டிருந்தது, மெதுவாக, கனமாக. கத்தி நின்றுவிட்டது.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. இது சூடாய்க் கிடக்கு."

கடைசிக் கண்ணி அறுந்ததும் தாய் அசையாமல் கிடந்தது. குட்டி வந்து அதன் பக்கத்தில் ஒட்டியது. பிறகு இரண்டும் ஒன்றாய்த் தாழ்ந்தன. யாகப்பர் எஞ்சினைத் தொடவில்லை. மூவரும் கடலையே பார்த்தபடி நின்றார்கள். தூரத்தில் புஸ்ஸென்று ஒரு மூச்சுக் கேட்டது. அதையடுத்து இன்னொன்று, அதைவிடச் சின்னதாக.

கரைக்கு வந்தார்கள். கிழிந்த வலை மணலில் குவிந்து கிடந்தது. மாக்கிறட் ஈரச் சீலையோடு குந்தி, யாகப்பரிடம் நூலும் ஊசியும் வாங்கி, தான் அறுத்த இடத்தைத் தேடி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பார்த்துக்கொண்டு நின்ற ஜெகதீபன் எதிரே வந்து அமர்ந்து, வலையின் மறுமுனையைக் கால் பெருவிரலில் மாட்டி அவளுக்கு இழுத்துப் பிடித்தான்.