நத்தைகளும் ஒரு குன்னூர் இலையும்

வெறுங்காலின் கீழே நத்தை நொறுங்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அப்பளம் உடைவதுபோல முதலில் ஒரு சத்தம், பிறகு உள்ளங்காலில் சில்லென்ற ஒரு வழவழப்பு, அதன் பிறகு எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத ஒரு பிசுக்கு. நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு ஐப்பசி மழையில், பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, எங்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு, நாங்கள் "பொடக்காளி" என்று சொல்லும் அந்தப் பத்தடி இடத்துக்கு ஓடும்போதெல்லாம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் ஓடினேன். அருவருப்படைய நேரமில்லை. அன்றைக்கு எத்தனை இலை மிச்சம் என்று எண்ணியாக வேண்டும்.

அந்தச் செடியைக் கொண்டுவந்தவள் என் அக்கா ஸ்டெல்லா. குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஈஸ்டர் கழிந்து இரண்டு வாரத்தில் லீவுக்கு வந்தபோது, அங்கே தோட்டக்காரர் பிரித்துக் கொடுத்த ஒரு கிழங்கை ஈரத்துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அதன் பெயர் ஹோஸ்டா என்றாள். அம்மாவின் நாக்குக்கு அது வரவில்லை, அதனால் "குன்னூர் இலை" ஆனது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், வெயில் எட்டாத மூலையில், தொட்டியில் வைத்தோம். பூவெல்லாம் இல்லை, இலைதான் அதன் அழகு. உள்ளங்கை அகலத்தில், நரம்பு நரம்பாக மடிப்பு வைத்து, ஓரம் முழுக்க வெள்ளைக் கரை போட்ட இலைகள். கோயமுத்தூர் வெக்கையில் அது பிழைத்ததே பெரிய காரியம் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதம் அக்கா கல்யாணம் செய்துகொண்டாள். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், நம் வேதத்துக்காரன் அல்ல. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து போன் பண்ணினாள். என் அப்பா மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர், குரல் உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை. "இனி இந்த ஊட்டுல அவ பேரு வரப்படாது" என்று மட்டும் சொன்னார். அவளுடைய போட்டோ சுவரிலிருந்து இறங்கியது. துணிகள் ஏழைகளுக்கென்று மாதா கோயிலுக்குப் போயின. அவளுடைய சோற்றுத் தட்டுகூட எங்கே போனதென்று தெரியவில்லை.

மிஞ்சியது அந்தத் தொட்டி மட்டும்தான். அக்கா அதைக் கொண்டுவந்த வாரம் அப்பா கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் மாட்டப் போயிருந்தார். திரும்பி வந்து இது ஏது என்று கேட்டபோது, செடி கொண்டு வந்தால்கூட "எதுக்கு வீண் செலவு" என்று கேட்கிற மனிதராயிற்றே என்று அம்மா, "கோயில்ல குடுத்தாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அன்று சும்மா சொன்ன அந்தப் பொய் ஆனிக்குப் பிறகு எங்களைக் காப்பாற்றியது. அம்மா அந்தச் செடியைக் கழுவினாள், துடைத்தாள், அதனுடன் பேசினாள். ஒருநாள் என்னைக் கிட்டத்தில் இழுத்துக் காதோடு சொன்னாள்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் இதுல ஒரு எலையாச்சும் நின்னுச்சுன்னா உங்கக்கா வந்துருவா கண்ணு. மாதாகிட்ட சொல்லிப்போட்டேன்." அன்றிலிருந்து அது செடியாக இல்லை, அக்காவே அங்கே நின்றுகொண்டிருப்பதுபோல எனக்கு இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் நத்தைகள் வந்தன. எலுமிச்சம்பழ அளவில் ஓடு சுமந்தவை சில, ஓடே இல்லாமல் விரல் நீளத்துக்கு ஊர்ந்தவை பல. பக்கத்தில் கறிவேப்பிலை இருந்தது, துளசி இருந்தது, எதையும் தொடவில்லை. நேராகக் குன்னூர் இலைக்குத்தான் போயின. பதினோரு இலை ஒரே வாரத்தில் எட்டானது. மிச்சமிருந்தவற்றிலும் சல்லடைபோல ஓட்டை. தெருமுனை அயர்ன் வண்டிக்காரரிடம் கரிச்சாம்பல் வாங்கிவந்து சுற்றிப் போட்டோம். அடுத்த மழையில் அது களியாகிவிட்டது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டோம், அதன்மேல் ஏறி வந்தன. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தோம், கொசு முட்டையிட்டதே தவிர வேறு பலன் இல்லை. ஈரச்சாக்குக்கு அடியில் முட்டைக்கோசு இலையை வைத்து, விடிந்ததும் அதில் ஒதுங்கிக் கிடப்பவற்றை வாளியில் பொறுக்கினோம். அம்மாவுக்குக் கொல்ல மனம் வராது, காலி மனையில் கொட்டிவிட்டு வரச் சொல்வாள். அவை திரும்பி வரும். அதனால் நான் மதில் பக்கம் போய் ஒவ்வொன்றாகக் கல்லால் நசுக்கினேன். பதினோரு வயதில் எனக்கு அவ்வளவு வெறி இருந்தது என்று சொல்ல இப்போது கூசுகிறது.

தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைத்தால் அப்பா கேட்பார். இரண்டாவது கேள்விக்கு மேல் பொய் சொல்ல அம்மாவுக்கு வராது.

ஒருநாள் காலையில் தொட்டியின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. பட்டறைக் கம்பி, ஆறு சுற்று, ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தது. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் எடுத்துவிட்டேன் என்று அம்மா நினைத்திருக்கிறாள். எங்கே அப்பா காதில் விழுந்துவிடுமோ என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. செம்பு நத்தைக்கு ஆகாது என்பார்கள், அந்தக் கம்பியையும் நத்தைகள் தாண்டின. எட்டு இலை நாலானது.

நாலு இலை மிச்சம், கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு வாரம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்போதுதான் மாதா சுரூபத்துக்குக் கீழே இருந்த ஜாடி நினைவுக்கு வந்தது. கோயிலில் மந்திரித்துக் கொடுத்த உப்பு. பாம்பு பூச்சி அண்டாமலிருக்க வீட்டு மூலைகளில் போடுவோம், காய்ச்சல் வந்தால் நாக்கில் ஒரு கல் வைப்போம். உப்புப் பட்டால் நத்தை சாகும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். உப்புப் பட்டால் செடியும் சாகும் என்பதும் எங்களுக்குத் தெரியாமலில்லை, கருவாடு கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்ற அம்மா விடமாட்டாள். ஆனால் மந்திரித்த உப்பை உப்பு என்று யார் நினைத்தார்கள்? பள்ளிக்கூடம் விட்டு வந்து, அருள் நிறைந்த மரியே சொல்லி, ஒரு கை அள்ளித் தண்டைச் சுற்றி வளையமாகப் போட்டேன். மறுநாள் ஒரு நத்தையும் இல்லை. நான்கு நாள் கழித்து இன்னொரு கை. ஜாடியில் நான் எடுத்ததைவிட அதிகம் குறைந்திருந்தது. யாருக்காவது அம்மா கொடுத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு இலைகளில் ஓட்டை விழவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளைக் கரை பழுப்பானது, பழுப்பு உள்ளே ஏறியது. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு காலையில் நாலு இலையும் கொதிநீர் பட்ட கீரைபோலத் துவண்டு கிடந்தன. பூசைக்குக் கட்டிய சேலையோடு அம்மா தொட்டியைத் துவைக்கும் கல்லில் கவிழ்த்தாள். கிழங்கு கூழாகியிருந்தது. மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் மண்ணையே பார்த்துக்கொண்டு, "நானும் போட்டேன் சாமி, ஞாயித்துக்கெழம தவறாம" என்றாள். இனி அக்கா வரமாட்டாள் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் முடிந்துபோன விஷயமாகிவிட்டது. அவளை நாங்களே கொன்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலுக்குத் தயாராக இருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. இறங்கி வந்து, தொட்டியின் கழுத்திலிருந்த செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டார்.

"நானுந்தான் உப்புப் போட்டேன்" என்றார்.

அம்மா கல்லில் சிதறிய மண்ணைக் கையால் கூட்டினாள்.

"மொதல்லருந்தே தெரியும் அம்மணி. கோயில்ல எவன் இந்த மாதிரிச் செடி குடுக்கறான்." கம்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஸ்டெல்லாகிட்டக் கேளு, இன்னொரு கெழங்கு கெடைக்குமான்னு."

ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எங்கள் வீட்டில் கேட்டது. அம்மா துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்று பூசைக்கு யாரும் போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அக்கா வந்தாள், கிழங்கு இல்லாமல். குன்னூர் வேலையை அவள் விட்டு நாளாகியிருந்தது. ஒரு சாக்குத் தேங்காயோடு அவளும் அவள் வீட்டுக்காரரும் வாசலில் நின்றார்கள். அப்பா சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தார், ஆனால் மாப்பிள்ளையோடு முகம் கொடுத்துப் பேச அவருக்கு மேலும் இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடம் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னாளில் எங்கோ படித்தேன், ஹோஸ்டா குளிர் நாடுகளில் மார்கழியில் இலை முழுக்க உதிர்த்துவிட்டு மண்ணுக்கடியில் தூங்குமாம். கிறிஸ்துமஸுக்கு இலை நிற்க வேண்டும் என்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டது அப்படிப்பட்ட செடிக்காக. அதைப் படித்த அன்று யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆர்.எஸ்.புரத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு பல் கிளினிக், பொடக்காளி இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போனால் என் கண் தானாகத் தரையைப் பார்க்கும், ஒரு நத்தையும் இருப்பதில்லை. எங்களுக்கென்று மிஞ்சியது ஒரு பழக்கம். எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுகிறவர்கள், நானோ அக்காவோ அம்மாவோ, "உப்புப் போட்டாச்சு" என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். அப்பா இருந்தவரை, அடுப்பங்கரைப் பக்கமே வராத அந்த மனுசன், கூடத்திலிருந்து பேப்பரை இறக்காமல், "நான் போடலீங்க" என்று பதில் சொல்வார். நாங்கள் இன்னமும் சத்தமாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறோம்.