என் பதினொரு வரிகள் அழித்த பின்னேரம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உலகத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவேன். வன்னியில் உள்ள எங்கள் ஊர் முரசுமோட்டையில், எங்கள் வீட்டுக் குசினிக்கு அடுத்த அறையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்துதான் எழுதுவது. என்ன குறிப்பு என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: கணினி ஒவ்வொன்றும் தனக்குள் நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் பதிந்து வைக்கும், எப்போது எழும்பியது, எது பழுதானது, யார் உள்ளே வந்தது என்று. அந்தப் பதிவுகளைச் சேர்த்து ஒழுங்காக வைக்கிற மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுகிறோம். விலை கிடையாது. யாரும் உள்ளே பார்க்கலாம், யாரும் திருத்தலாம். அந்த மாதம் எதைத் திருத்தினோம், எதைச் சேர்த்தோம் என்று எல்லோருக்கும் அறிவிப்பது என் பொறுப்பு.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் பெருமைதான். அடக்கமாக இருக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது படிந்ததில்லை. எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் ஒருவர் காலைக் கோப்பியோடு என் குறிப்பை வாசிக்கிறார், இங்கே நான் நுளம்பு அடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்று நினைத்தால் தனியாகச் சிரிப்பு வரும்.

இந்தக் கதை நடந்ததற்கு முந்திய மாதம் பெருமை இன்னும் ஒரு படி கூட. பழைய பதிவுகளைத் தானாகக் கழிக்கும் வசதி ஒன்றை நானே எழுதிச் சேர்த்திருந்தேன். மொத்தம் பதினொரு வரிகள். முப்பது நாளைத் தாண்டிய பதிவுகளை மணிக்கொரு தரம் தேடி அழித்துவிடும். சின்னக் கணினிகளில் இடம் நிரம்பாது. திட்டத்தை நடத்துபவர் வடக்கு ஐரோப்பாவில் இருக்கிறார், வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். அவரே "சுத்தமான வேலை" என்று எழுதினார். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லது, சோத்தைப் போட்டுச் சாப்பிடு" என்றார்.

பூநகரிப் பக்கத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையம் இருக்கிறது. விவசாயிகள் சங்கம் நடத்துவது. பாலைக் குளிராக வைக்கும் தாங்கியின் வெப்பநிலையைக் குறிக்க, உள்ளங்கை அளவு கணினி ஒன்றை அங்கே நான்தான் பொருத்திக் கொடுத்தேன். அதில் ஓடுவது எங்கள் மென்பொருள். நிலையத்தைப் பார்ப்பது ஓர் அக்கா. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். காலையும் பின்னேரமும் பால் அளப்பது, தாங்கியைக் கழுவுவது, லொறிக்குக் கொடுப்பது எல்லாம் அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். கதை குறைவு, வேலை சுத்தம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் எனக்குக் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, உங்கட பெட்டி என்னைக் கள்ளியாக்கிப் போட்டுது."

நடந்தது இதுதான். செவ்வாய் பின்னேரம் மின்னல். எங்கள் பக்கம் வெட்டவெளி. மின்னல் வெட்டத் தொடங்கினால் முதல் வேலை மெயின் சுவிட்சை நிப்பாட்டுவது. அக்காவும் நிப்பாட்டியிருக்கிறார். இடி ஓய்ந்ததும் திரும்பப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். புதன் காலை லொறிக்காரர் சோதித்துப் பார்த்தால் தாங்கிப் பால் முழுக்கப் புளித்துவிட்டது. சங்கத் தலைவர் கைபேசியில் பதிவைப் பார்த்திருக்கிறார். செவ்வாய் நாலு மணி பதின்மூன்று நிமிடத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. அடுத்த பதிவு புதன் காலை எட்டு ஐந்துக்கு. இடையில் வெறுமை. மெயினைப் போடாமலே போய்விட்டார், காலையில் வந்துதான் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஞாயிறு பின்னேரம் கூட்டம். அதுவரை வேலைக்கு வர வேண்டாம், அதற்குப் பிறகும் அனேகமாக வேண்டாம்.

"நான் போட்டனான் தங்கச்சி. முக்கால் மணித்தியாலம்கூட ஆகேல்லை. பிள்ளையள் மேல சத்தியமாப் போட்டனான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் நான் நம்பியது அக்காவை இல்லை, என் மென்பொருளை. 'பதிவு பொய் சொல்லாது அக்கா' என்று வாய்வரை வந்தது. நல்லகாலம், விழுங்கிவிட்டேன்.

வியாழன் பஸ் பிடித்துப் போனேன். அந்தப் பாதையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அரைநாள் போய்விடும். அக்கா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, வரமாட்டாராம். நான் மெயினை நிப்பாட்டி, ஒரு நிமிடம் கழித்துப் போட்டு, பெட்டிக்கு முன்னால் குந்தினேன்.

பெட்டி எழும்பியது. உடனே பதியத் தொடங்கியது. திகதியைப் பார்த்தேன், பல வருடத்துக்கு முந்திய திகதி. அந்தச் சின்னக் கணினிக்குள் மணிக்கூட்டுக்கு பற்றரி கிடையாது. கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். எழும்பியதும் வலையமைப்பைக் கேட்டுத்தான் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ளும். அந்தப் பக்கத்துக் கைபேசி ரவர் மழைக்குப் படுத்தால் விடியும்வரை எழும்பாது. அதுவரை பதிவெல்லாம் பழைய திகதியில் விழும். காலையில் சரியான நேரம் வந்ததும், அந்தப் பழைய திகதி என்றால்? முப்பது நாளைத் தாண்டியது. மணிக்கொரு தரம் வந்து கழிப்பது யார்? என் பதினொரு வரிகள்.



பனி நாட்டுக்காரர் இதை யோசிக்காமல் விட்டால் மன்னிக்கலாம். அவர்கள் ஊரில் கரண்ட் ஏன் போகிறது? நான் இந்த ஊர்க்காரி. மின்னலைக் கண்டால் சோற்றுக் கையோடு ஓடிப் போய் மெயினை நிப்பாட்டுகிறவள். கணினிக்கு முன்னால் இருந்ததும், பிறந்த ஊரை மறந்து அவர்களுடைய ஊருக்கு எழுதியிருக்கிறேன். இந்த மடத்தனத்தை எங்கட ஆக்களால்தான் செய்ய முடியும்.

"அக்கா, பிழை என்ரது" என்றேன்.

"என்ன பிழை?"

விளங்கப்படுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் போட்டது இதுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்கு. நான்தான் அழிச்சுப் போட்டன்."

"எடுக்கேலுமோ?"

"தெரியாது அக்கா. பாக்கிறன்."

அழித்த பதிவு உடனே மறைந்துவிடாது; மேலே புதிதாக எழுதப்படும்வரை அடியில் கிடக்கும். பெட்டியின் நினைவக அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வெள்ளி முழுக்க அதைத் துருவினேன். சனி மத்தியானம் வந்தது: செவ்வாய் எழும்பிய கணத்திலிருந்து நிமிடத்துக்கொன்றாகப் பதிவுகள். திகதி பிழை, ஆனால் எண்ணிக்கை சரி. நேரம் கிடைத்த காலை எட்டு ஐந்திலிருந்து பின்னுக்கு எண்ணினேன். பதினைந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும். செவ்வாய் பின்னேரம் நாலு ஐம்பத்தைந்து. அக்கா சொன்னது அச்சொட்டாகச் சரி.

மெயின் இரவு முழுக்க வேலை செய்திருக்கிறது. தாங்கிதான் குளிரவில்லை, வெப்பநிலை பதினைந்து பாகையை விட்டு இறங்கவே இல்லை. தலைவருக்கு எடுத்து, இயந்திரக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். தாங்கியைக் குளிராக்கும் காஸ் கசிந்து முடிந்திருந்தது.

திட்டத்தை நடத்துபவருக்கும் எழுதினேன். "ஓடுகிற கணினியின் மின்சாரத்தை யார் வேண்டுமென்று நிறுத்துவார்கள்?" என்று கேட்டார். "எங்கள் ஊரில் எல்லோரும்" என்று பதில் போட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் போட்டேன். அவர் தர்க்கிக்கவில்லை. நேரம் தெரியாத பதிவை அழிக்காமல் ஒதுக்கி வைக்கும் திருத்தத்தை நான் எழுத, அவர் சரிபார்த்தார். இனி ஒவ்வொரு பதிப்பும் வெளியாகுமுன் அது ஓடும் கணினியின் மின்சாரத்தை இடையில் நிறுத்திப் பார்ப்பது என்றும் முடிவாயிற்று.

ஞாயிறு காலை மாதக் குறிப்பை எழுதக் கதிரையில் இருந்தேன். இப்படிப்பட்டவற்றை நாங்கள் 'சிறு திருத்தங்கள்' என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது வழக்கம். நான் முதல் பந்தியிலேயே எழுதினேன்: சென்ற மாதம் பெருமையாக அறிவித்த வசதி பதிவுகளை அழித்தது, அந்த வெறுமையை வைத்து ஒருவரின் வேலையைப் பறிக்கப் பார்த்தார்கள், அவர் சொன்னது உண்மை, பிழை என்னுடையது.  அனுப்பிய பிறகு, இத்தனை காலம் எழுதிய குறிப்புகளில் இதுதான் நல்லது என்று பட்டது. இப்போதும் அப்படித்தான்.

பின்னேரம் கூட்டம். மண்டபத்தில் நான் விளங்கப்படுத்தினேன். காலையில் அனுப்பிய குறிப்பையும் தமிழில் சொன்னேன். தலைவர் பொல்லாதவர் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"சரி, பெட்டியில இருக்குத்தானே. நாங்கள் நம்புறம். நாளைக்கு வேலைக்கு வாரும்."

பிரச்சினை முடிந்தது என்று நான் பையைக் கட்டத் தொடங்கிவிட்டேன். அக்கா எழும்பி நின்றார்.

"எட்டு வருசமா உங்களுக்குப் பால் அளந்து தாறன் ஐயா. அஞ்சு நாளா வாயால சொன்னன், நீங்கள் நம்பேல்லை. பெட்டி சொன்ன உடன நம்புறியள்."

கட்டத் தொடங்கிய பையை நான் கீழே வைத்தேன்.  நம்பாதவர்களில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தெரியும்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பிழை எங்கடதான் பிள்ளை. மனசில வைச்சுக்கொள்ளாதையும்."

"இந்தப் பிள்ளை தன்ர பிழையை உலகத்துக்கே எழுதிப் போட்டுது" என்றார் அக்கா, என்னைக் காட்டி. குரல் உயரவில்லை. "நீங்கள் உங்கட பிழையை இந்தக் கூட்டக் கொப்பியில எழுதுங்கோ, எனக்கு அது காணும்."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பேனையைத் திறந்தார். அவர் எழுதி, வாசித்துக் காட்டி, தலைவர் கையெழுத்து வைக்கும்வரை அக்கா நின்றபடியே நின்றார். அதற்குப் பிறகுதான் கதிரையில் இருந்தார்.