கதவுக்கு வெளியே மாட்டிய ஆறு விதிகள்

வளர்ந்த ஆட்களுக்குப் பாடம் நடத்தும்போது வகுப்பு ஒழுங்கை எப்படிக் காப்பாற்றுவது என்று இளம் ஆசிரியர்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஆறே விதிகளில் காப்பாற்றலாம். நான் காப்பாற்றியிருக்கிறேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. பலகை

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்துமூன்று. காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். சீமைக்கு லீவில் போய்த் திரும்பிய எங்கள் துரை, அங்கே யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து, பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். வாரத்தில் மூன்று நாள், கொழுந்து நிறுத்து முடிந்ததும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு. பதினேழு பேர் பேர் கொடுத்தார்கள்.

முதல் நாள் அவர்கள் வந்த கோலம் எனக்குப் பிடிக்கவில்லை. வாயில் வெற்றிலை, தலையில் முண்டாசு, ஆளுக்கு ஒரு பேச்சு. அன்று வீட்டுக்குப் போய் ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்டால் ஆறு விதிகள் எழுதினேன். ஒன்று, வெற்றிலை போட்டுக்கொண்டு வரக்கூடாது. இரண்டு, எல்லாரும் பெஞ்சில் உட்கார வேண்டும். மூன்று, பேர் கூப்பிட்டால் அவரவரே பதில் சொல்ல வேண்டும். நான்கு, மணி அடித்த பின் வருவோர் உள்ளே வரக்கூடாது. ஐந்து, மூன்று முறை பிந்தினால் பேர் வெட்டப்படும். ஆறு, வாத்தியார் பேசும்போது வேறு யாரும் பேசக்கூடாது.

உள்ளே வருமுன் படித்துவிட்டு வரட்டும் என்று அதைக் கதவுக்கு வெளியே, சுவரில் மாட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாது என்றுதானே அந்தப் பதினேழு பேரும் என்னிடம் வந்தார்கள்? அவர்கள் படிப்பதற்கு நான் பலகை மாட்டினேன். இது எனக்கு உறைக்கவே இல்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

2. நாற்காலி

பதினேழு பேர் என்றேன். பதினெட்டாவதாக ஒருவர் வந்தார். அவர் பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், அவர்கள் குடியிருந்த லயத்தில் கல்யாணம், சாவு, சண்டை எல்லாம் அவரைக் கேட்டுத்தான். அவருக்கு எழுத்து நன்றாகவே தெரியும். தோட்டத்துக்கு வரும் கடிதங்களெல்லாம் அவர் கைக்கு வந்து, அவர் பிரித்து வாசித்துச் சொன்ன பிறகுதான் உரியவர்களுக்குப் போகும். இவருக்கு வகுப்பில் என்ன வேலை என்று கேட்டேன்.

"என் ஆளுங்க பதினேழு பேரு ஒரு எடத்துல உக்காந்திருப்பாங்க. நான் இல்லாம எப்படி வாத்தியாரே?" என்றார்.

கோட்டும் குடையுமாக, மணி அடித்துக் கால்மணி கழித்துத்தான் வருவார். வாசலில் நிழல் தட்டியதும் பதினேழு பேரும் பெஞ்சிலிருந்து சறுக்கி இறங்கி, முண்டாசு கட்டியிருந்தால் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகட்டித் தரையில் நிற்பார்கள். கங்காணி முன்னால் பெஞ்சில் உட்காருவது தோட்டத்தில் இல்லாத வழக்கம். அவர் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ம், நடத்துங்க" என்பார். நான் நின்றுகொண்டு நடத்தினேன். நான்காம் விதியை அவருக்குச் சொல்ல ஒருநாள் வாயெடுத்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பொட்டக் இன்ன" என்று கையைக் காட்டினார். பஜாரில் சிங்களவர்களிடம் பேசிப் பேசி வந்த பழக்கம், கொஞ்சம் பொறு என்று அர்த்தம். நானும் பொறுத்தேன். வகுப்பு மூடும்வரை பொறுத்தேன்.

வருகை இடாப்பைத் திறந்து பேர் கூப்பிட்டால் அதைவிட அழகு.

"ராமையா."

ராமையா என் முகத்தைப் பார்க்க மாட்டான், கங்காணியைப் பார்ப்பான். நாற்காலியிலிருந்து பதில் வரும். "வந்திருக்கான்."

"அவரவர் பேருக்கு அவரவர்தான் பதில் சொல்லணும் கங்காணியாரே."

"அவனுக்கு வாய் வராது. பெரட்டுல நான் ஆள் கணக்குச் சொல்லலியா, கணக்கப்புள்ள எழுதிக்கலியா? பதினேழு பேரு. எண்ணியாச்சு. நீங்க பாடத்தப் பாருங்க."

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடியற்காலை நடப்பதையே என் வகுப்பிலும் நடத்தினார் மனிதர். அந்தப் பதினேழில் ஒருத்திதான் தன் பேருக்குத் தானே பதில் சொன்னாள். அங்கம்மா என்று பேர், கொழுந்து எடுப்பவள், முப்பது வயதிருக்கும். "இருக்கேங்க" என்றாள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. கங்காணி திரும்பவில்லை. வெற்றிலைச் சாற்றை என் சன்னல் வழியே துப்பினார்.

3. ஒரே மாதிரிக் கடிதங்கள்

ஒருநாள் ஒவ்வொருவரையும் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டேன். தொரை சொன்னாரு, கங்காணி சொன்னாரு என்றே எல்லாரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அங்கம்மா முறை வந்தது.

"ஊர்ல இருந்து தங்கச்சி கடுதாசி போடுதுங்க. கங்காணி வாசிச்சுச் சொல்றாரு. அம்மா சொகம், எல்லாரும் சொகம்னு வருது. எல்லாக் கடுதாசியும் ஒரே மாதிரியா இருக்குங்க. போன மாசமும் ஒண்ணு வந்துச்சு. அதுவும் அப்படித்தான்."

கங்காணி நாற்காலியில்தான் இருந்தார். நான் பெரிய மனதுடன், "அதைக் கொண்டா, நான் வாசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"வேணாங்கய்யா. எழுத்த மட்டும் சொல்லிக் குடுங்க. நானே பார்த்துக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு கொழுந்துக்காரி வாத்தியாரை நம்பவில்லை என்று வகுப்புக்கு நடுவில் சொல்லிவிட்டாளே என்று நினைத்தேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதை அவள் பார்த்திருந்தாள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

4. அரைப்பேர்

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. அங்கம்மா பிந்தி வரத் தொடங்கினாள். காரணம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யார் கூடை முதலில் நிறுப்பது, யாருடையது கடைசி என்பது கங்காணி கண்காட்டும்படிதான். அவளைக் கடைசியில் நிற்க வைத்தார். மற்றவர்கள் பெஞ்சில் உட்காரும்போது அவள் தராசடியில் நின்றாள்.

முதல் முறை மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றாள். தலையில் இன்னும் கூடைக் கயிறு பதிந்த தடம் இருந்தது. நான் பலகையைக் காட்டினேன்.

"நாலாவது விதி. மணி அடிச்சாச்சு."

"என் கொழுந்தக் கடைசியா நிறுத்தாங்கய்யா. அரைப்பேராச்சும் போடுங்க."

பிந்தி வந்தால் பிரட்டில் அரைநாள் வேலையாவது எழுதுவார்கள், அதற்கு அரைப்பேர் என்று பேர். அதை நினைத்துத்தான் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வகுப்பில் அரைப்பேர் கிடையாது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் கங்காணி குடையை மடக்கிக்கொண்டு அவளைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் அவளைவிடப் பிந்தி வந்தவர். நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

இரண்டாம் முறை அவள் மடியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிடித்தபடி நின்றாள். "உள்ள வரலைங்க. ரெண்டு எழுத்து மட்டும் வெளங்கலை, வாசல்லயே சொல்லிடுங்க" என்றாள். விதி என்றால் விதிதான் என்றேன். மூன்றாம் முறை இடாப்பில் அவள் பேரைச் சிவப்பு மையால் வெட்டினேன். அளவுகோல் வைத்துக் கோணாமல் வெட்டினேன்.

பேர் வெட்டுப்பட்ட பிறகும் அவள் வந்தாள். வாசல் தாழ்வாரத்தில் நிற்கக்கூடாது என்று நான் விதி எழுதியிருக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டிருப்பாள். பிறகு கடிதத்தைப் பிரித்து, அதையும் பலகையையும் மாறி மாறிப் பார்ப்பாள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

5. இன்ஸ்பெக்டர்

ஆவணியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். அன்று மட்டும் கங்காணி சரியான நேரத்துக்கு வந்திருந்தார். அவரே கண்காட்டி உட்கார வைத்ததால் பெஞ்சில் பதினாறு பேரும் கைகட்டி அசையாமல் இருந்தார்கள்.

"ஆர் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எல்லாரும் நல்லா வாசிப்பாங்க தொரை. என் ஆளுங்கதான்" என்றார் கங்காணி.

இன்ஸ்பெக்டர் ராமையாவைக் காட்டினார். அவன் எழுந்தான், புத்தகத்தைப் பிடித்தான், கங்காணியைப் பார்த்தான். அடுத்தவனைக் காட்டினார். அவனும் கங்காணியைப் பார்த்தான். பதினாறு பேரில் ஒருவர் வாயிலிருந்தும் ஓர் எழுத்து வரவில்லை. "வாசிப்பான் தொரை, வெக்கப்படுறான்" என்று ஒவ்வொருவனுக்கும் கங்காணி பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்போது வெளியே குரல் கேட்டது. எழுத்துக் கூட்டி, மெதுவாக, ஆனால் தடுமாறாமல். "மணி அடித்த பின் வருவோர் உள்ளே வரக்கூடாது." இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போனார்.

"ஏன் பிள்ளை வெளியில நிக்கிறீர்?"

"நாலாவதுல எழுதியிருக்குங்களே. அஞ்சாவதுல எம் பேர வெட்டிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் பலகையை ஆறாவது வரி வரை வாசித்தார். "இதை ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா."

"நல்ல எழுத்து" என்றார். அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. அவளை உள்ளே கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்கார வைத்து, வேறு ஏதாவது வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

அவள் மடியிலிருந்து கடிதத்தை எடுத்தாள். மடிப்பு விட்டுப்போயிருந்தது. விரல் வைத்து வாசித்தாள். "அக்காவுக்கு... அம்மா... படுக்கையில்... விழுந்து... ஒரு மாதம்... ஆகிறது. உன்னைப் பார்க்க வேண்டும்... என்று... அழுகிறது. உடனே... வா."

கடிதத்தை மடித்தாள். பிறகு கங்காணி பக்கம் திரும்பினாள். அந்தத் தோட்டத்தில் யாரும் அவரை உட்கார்ந்தபடி பார்த்துக் கேள்வி கேட்டு நான் கண்டதில்லை.

"இது வைகாசில வந்துச்சு கங்காணி. எல்லாரும் சொகம்னு வாசிச்சீங்களே."

கொழுந்து பொங்குகிற காலத்தில் ஓர் ஆளை ஊருக்கு அனுப்பக்கூடாது என்பதற்காக அப்படி வாசித்தார். மற்றவர்களுக்கும் அப்படித்தான் வாசித்திருக்கிறார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போகும்போது பெஞ்சிலிருந்து யாரும் இறங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தில் குறிப்பெழுதும் லொக் புத்தகத்தில் இரண்டே சொல் எழுதினார். "ஒழுங்கு நன்று." இத்தனை காலத்தில் எனக்கு அதைவிடப் பெரிய செருப்படி விழுந்ததில்லை.

6. கடைசியாக

அடுத்த வாரமே அங்கம்மா தோட்டத்திலிருந்து விலகும் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினாள். வகுப்பால் ஆட்கள் கெட்டுப்போகிறார்கள் என்று கங்காணி துரையிடம் சொன்னார். துரைக்கும் அந்த ஆசை அதற்குள் அலுத்துவிட்டது. வகுப்பை மூடினார்கள். நான் பலகையைக் கழற்றி விறகாக்கினேன்.

ஆசிரியர்களே, விதி எழுதுவது சுலபமான வேலை. கையெழுத்து நன்றாக இருந்தால் போதும். உங்கள் நாற்காலியில் வந்து உட்காருகிறவனிடம் அந்த விதியைச் சொல்ல உங்களுக்குத் துணிவு இல்லை என்றால், வாசலில் நிற்கிறவளிடமும் சொல்லாதீர்கள். அதற்குப் பேர் ஒழுங்கு இல்லை. கங்காணிக்குக் கதவு பிடித்துக்கொண்டு நின்ற வேலைக்காரன் நான், அவ்வளவுதான்.

ஐப்பசியில் எனக்கு ஒரு கார்டு வந்தது. அதற்குள் கடிதங்களை வாங்கிக் கொடுக்கும் வேலை கங்காணியிடமிருந்து கணக்கப்பிள்ளைக்குப் போயிருந்தது, அதனால் நேரே என் கைக்கு வந்தது. மூன்று வரி. "வாத்தியாரையாவுக்கு அங்கம்மா எழுதுவது. நான் வருமுன் அம்மா ஆடி மாதம் போய்விட்டது. இதை நானே எழுதினேன்."

ஆடி மாதத்தில்தான் அவளை மூன்று முறை வாசலில் நிறுத்தினேன். இடாப்பை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கார்டில் இருந்த எழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வளைவும் சுழியும் கொம்பும் அச்சாக என் பலகை எழுத்து.