மறுசோதனை தள்ளிப்போன நாள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை டாக்டரம்மாவை ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் 'மிளகாய்' என்பார்கள். வாயைத் திறந்தால் அப்படி எரியும். ஆனால் மற்றவர்கள் கைவிரித்த எத்தனையோ பேரை இழுத்துப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான்.

அவருக்கு ஆகவே ஆகாத ஆள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்யும் சர்ஜன். காரணம் உண்டு. ஒருமுறை, மகன் பிழைக்கமாட்டான் என்று ஒரு தகப்பனிடம் இவர் சொல்வதற்கு முன்பே, சர்ஜன் படுக்கையருகே வந்து பையனின் ரத்தப் பிரிவைக் கேட்டார். அன்றிலிருந்து சர்ஜனின் தலை தெரிந்தாலே மிளகாய் வாசலை மறித்துக்கொள்வார்.

"இது ஆஸ்பத்திரி. உதிரிபாகக் கடை இல்ல!"

ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்த வெல்டர் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். மூளை செத்துவிட்டது என்று முதல் சோதனை காட்டியது. சில மணி நேரம் கழித்து மறுசோதனை செய்துதான் அதை உறுதிப்படுத்த முடியும். அதற்குள் அவன் மனைவி தானாகவே வந்து நின்றாள்.

"இனிமே பிழைக்கமாட்டார்னா, அவரோட கிட்னி, ஈரல் எல்லாம் குடுத்துடறோம் டாக்டர். அவரே சொல்லியிருக்கார். அவரோட அண்ணன் கிட்னிக்குக் காத்திருந்தே செத்துப்போனவர்."

மிளகாயின் முகம் சுண்டியது. "யாரு உங்ககிட்ட பேசினது? அந்த சர்ஜனா?"

"யாரும் பேசல."

"இதயம் துடிக்குது பாருங்க. உடம்பு சூடா இருக்கு. ஏன் அவசரப்படறீங்க?"

பொய் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவில்லை. மூளைச்சாவைப் பரீட்சைக்குப் படித்ததுண்டு. துடிக்கிற இதயத்தின் முன்னால் அந்தப் படிப்பு எடுபடவில்லை. மறுசோதனையை அடுத்த நாளுக்குத் தள்ளினார்.

சர்ஜன் போனில் கத்தினார். "மேடம், பிரஷர் இறங்கிக்கிட்டே வருது. இன்னும் இழுத்தடிச்சா எதுவும் தேறாது!"

"என் பேஷண்ட் எப்ப சாவார்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா?" படாரென்று போனை வைத்தார்.

மறுநாள் காலை, சோதனைக்கு முன்பே இதயம் நின்றுவிட்டது; உறுப்புகள் எதுவும் தேறவில்லை. வெல்டரின் மனைவி அழவில்லை. நேராக டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"அவர் நேத்தே போயிட்டார்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நாங்க கடைசிவரைக்கும் போராடினோம்மா."

"யாரோட? அந்த சர்ஜனோடயா?"

மிளகாய் நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

"பிடிக்கலைன்னா உங்க கிட்னியக் குடுக்காதீங்க. என் புருஷன் குடுக்கறதத் தடுக்க நீங்க யாரு? ராத்திரியெல்லாம் அவர் காதுல பேசிக்கிட்டே இருந்தேன். கேக்கும்னு நெனச்சேன். நீங்கதான் அப்படி நெனைக்க வச்சீங்க."

அவளை உள்ளே விட்டதற்காக மிளகாய் நர்ஸைத் திட்டித் தீர்த்தார். ஆனால் மதியச் சாப்பாட்டைத் தொடாமல், மூளைச்சாவு விதிமுறைகளைக் கணினியில் திறந்து முதலிலிருந்து படித்தார்.

சில மாதங்களில் விபத்தில் சிக்கிய கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். இந்த முறை இரண்டு சோதனைகளும் நேரத்துக்கு நடந்தன. பெண்ணின் அப்பாவிடம் மிளகாயே சொன்னார். "உங்க பொண்ணு இறந்துட்டா. மூச்சு விடறது மெஷின். இனி திரும்பமாட்டா."

அப்பா அதை ஏற்றுக்கொண்டார். உறுப்பு தானத்துக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மிளகாய் அவரை வற்புறுத்தவில்லை.

நடைபாதையில் சர்ஜன் மறித்தார். "நீங்க இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல்லியிருக்கலாம்."

"நடந்தத நடந்தபடி சொல்றதுதான் என் வேலை. உங்களுக்கு ஆள் பிடிக்கறது இல்ல. வழிய விடுங்க."