எண்பது லட்சம் துடிப்பு போதும் என்றவள்

பான் சூயுனைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிவிட்டார் கோ முதலாளி. தொழிற்சாலையின் இருபதாம் ஆண்டு மலருக்காம். இவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? பதினோரு வருஷமாக அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து வயிறு எரிந்துகொண்டிருப்பவன் நான். சரி, எழுதுகிறேன். அச்சில் போடுவாரா என்று பார்க்கலாம்.

சூயுனுக்கு ஊர் யுன்லின் பக்கம். வீட்டில் பூண்டு விவசாயம். பதினேழு வயதில் சொங்ஹெயில் உள்ள எங்கள் தொழிற்சாலைக்கு சால்டரிங் வேலைக்கு வந்தாள். எட்டு வருஷம் வரிசையில் நின்று பற்றவைத்தாள். மாலைக் கல்லூரியில் படித்து, ஒரு நாள் வடிவமைப்பு அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நல்ல பல்கலைக்கழகத்தில் படித்து நேராக அந்த அறைக்கு வந்தவன். ஆனால் மின்சுற்று போர்டில் ஏதாவது கோளாறு என்றால் எல்லோரும் “சூயுன் அக்கா எங்கே?” என்றுதான் கேட்பார்கள். “லாய் தெஷெங் எங்கே?” என்று என்னை ஒருத்தனும் தேடியதில்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த போர்டு ஓடினாலும் சிப்பின் மேல் மடக்கிய விரல் முட்டியை வைத்துப் பார்ப்பாள். “சுடுதே” என்பாள். நான் வெப்பமானியை எடுத்து அளந்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும். எரிச்சலாக இருக்காதா?

நாங்கள் செய்வது தேநீர்க் கடைகளில் கப்பின் வாயை மூடுகிற மெஷின். பழுக்கக் காய்ந்த தகடு ஒன்று இறங்கி, பிளாஸ்டிக் தாளைக் கப்போடு ஒட்டும். தகட்டுக்கு ஒரு சாண் தள்ளி, மூடிய பெட்டிக்குள் போர்டு. அதில் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற சிப். பாவம், அது வேகிற இடம் அப்படி.

போன வருஷம் புது மாடல் வந்தது. நான் ஒரு போர்டு செய்தேன், அவள் ஒன்று செய்தாள். சிப் இரண்டிலும் ஒன்றேதான். நான் அதைச் செகண்டுக்கு ஏழு கோடியே இருபது லட்சம் துடிப்பில் ஓட்டினேன். வண்ணத் திரை, அசையும் படங்கள், தொட்டவுடன் பதில். அவள் எண்பது லட்சத்தில் நிறுத்திவிட்டாள். வெறும் எண் காட்டும் திரை. இரண்டு கப்புக்கு நடுவே சிப்பைத் தூங்கவும் வைத்தாள்.

“இதென்ன, ஆமையா?” என்றேன்.

“கப்பை மூட ஒரு செகண்ட் ஆகுது அண்ணே. அதுக்கு எதுக்கு இந்த ஓட்டம்? வேகம் கூடினா சூடு கூடும். பத்து டிகிரி கூடினா ஆயுசு பாதி.”

“அது தோராயக் கணக்கு.”

“தோராயமாத்தான் சாகும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

கோ முதலாளி ஒரே வார்த்தையில் முடித்தார். இரண்டு மெஷினும் பின்னறையில் ஆறு வாரம் நிற்காமல் ஓட வேண்டும். உள்விசிறியைக் கழற்றிவிட வேண்டும். எந்த போர்டு தாங்குகிறதோ அதுதான் புது மாடல். அதைச் செய்தவர்தான் வடிவமைப்பு அறைக்குத் தலைவர்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். ஒளிப்பானேன்? படித்தவன் நான், வயதில் மூத்தவன் நான்.

சோதனை தொடங்கிய அன்று, மெஷின் சொன்ன பேச்சு கேட்க வேண்டும் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி மெஷின்களின் மேல் பச்சை நிற நொறுக்குத்தீனிப் பை வைத்தோம். பச்சைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மெஷின் அடம்பிடிக்கும். தேதி கடந்த பையும் ஆகாது. சூயுன் சின்னப் பை ஒன்றை ஓரமாகச் சாய்த்துவைத்தாள். அதன் தேதி கடந்திருக்காதா என்று திருப்பிப் பார்த்தேன். இன்னும் எட்டு மாதம் இருந்தது. நான் விடுவேனா? கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய பையாக வாங்கி வந்து என் மெஷினின் மேல் நட்டநடுவே படுக்கவைத்தேன்.

“அண்ணே, அதைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைங்களேன்” என்றாள்.

“உன் பையை நீ பாரு.”

அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக வந்து பார்க்கிறேன், என் பை நகர்ந்து மெஷினின் விளிம்பில் கிடக்கிறது. இழுத்து நடுவில் வைத்தேன். அடுத்த நாளும் அதே கதை. அடுத்த நாளும். மாலையில் அறையைப் பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்புகிறவள் அவள்தான். என் அதிர்ஷ்டத்தின் மேலேயே கைவைக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நேரில் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்து எல்லோர் முன்னாலும் மூக்கறுக்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

பத்தொன்பதாம் நாள் என் போர்டு செத்தது. திரை வெளுத்து, தகடு தூக்கிய நிலையிலேயே நின்றுபோயிற்று. அவளுடையது பக்கத்தில் டக் டக் என்று காலிக் கப்பை மூடிக்கொண்டிருந்தது.

காலைக் கூட்டத்தில் எழுந்தேன். “முதலாளி, என் மெஷின்ல தினமும் சாயங்காலம் ஒருத்தங்க கைவைக்கிறாங்க.”

“யாரு?”

“சூயுன். அவளையே கேளுங்க.”

“ஆமா, வச்சேன்” என்றாள் அவள்.

கோ முதலாளி இரண்டு பெட்டிகளிலும் பதிவான வெப்பக் கோடுகளைத் திரையில் போட்டார். அவளுடையது சமதரை. என்னுடையது தினமும் காலை எட்டு மணிக்கு விறுவிறுவென்று பதினைந்து டிகிரி ஏறியது, மாலை ஆறரைக்கு இறங்கியது. சனி, ஞாயிறு மட்டும் ஏறவில்லை.

“காலையில எட்டு மணிக்கு யாருய்யா வர்றது?” என்றார் முதலாளி.

“நான்தான்.”

“வந்து என்ன பண்ணுவே?”

“பையை நடுவுல வைப்பேன்.”

“காத்து ஓட்டை எங்க இருக்கு?”

சூடு வெளியேறுகிற ஓட்டை மெஷின் தலையின் நடுவில்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியை வரைந்தவனே நான்தான். தினமும் என் கையாலேயே அதை மூடி, என் சிப்பை நானே வேகவைத்திருக்கிறேன். பகலெல்லாம் நான் மூடியதை மாலையில் அவள் திறந்துவிட்டதால்தான் அது பத்தொன்பது நாளாவது ஓடியிருக்கிறது. மேஜையைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அப்போது சூயுன் எழுந்தாள். “இந்தச் சோதனை செல்லாது முதலாளி. ரெண்டு மெஷின்லயும் பை இல்லாம முதல்லேர்ந்து ஓட்டுவோம். அண்ணன் போர்டுக்கு நியாயம் கிடைக்கணும்.”

வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. புது போர்டுகள், புது மெஷின்கள், மறுபடி ஆறு வாரம். இந்த முறை என் பக்கத்துக் கோடும் சமதரையாகத்தான் போயிற்று, அவளுடையதைவிடப் பத்து டிகிரி மேலே. முப்பத்தேழாம் நாள் என் போர்டு செத்தது. அவளுடையது ஆறு வாரமும் முடித்து, நிறுத்த ஆளில்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாற்காலி அவளுக்குப் போயிற்று. போகட்டும். முதல் சோதனையோடு விட்டிருந்தால், என் போர்டு நல்ல போர்டு, பைதான் கெடுத்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். எனக்காகப் பரிந்து பேசி அந்தச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டாள்.